ஷட்டரைத் திறக்காத சாட்டைக்காரி

சாட்டைச் சத்தம் மாடியிலிருந்து வந்தது.

மாட்டை ஓட்டுகிற சாட்டை இல்லை. வெளிச்சத்தால் ஆன சாட்டை. டி.வி.க்குள் அது சுழலும்போது முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, பிறகு 'சடீர்' என்று முடியும். அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் என் கட்டைவிரல் தானாக அசையும். தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே பிறந்த வீட்டில் பெட்டியோடு வந்து இறங்கிய நான், செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மாடிப்படியில் ஏறினேன்.

"வந்ததும் வராததுமா எங்க அம்மிணி ஓடறே? காப்பி குடிச்சுப்போட்டுப் போ" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார். யார் கேட்டார்கள்.

மாடி அறையில் தம்பி கார்த்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன். கையில் ஆட்ட ரிமோட். திரையில் இரும்புத்தும்பி நீலக் கவசத்தோடு பறந்துகொண்டிருந்தான். ஆட்டத்தில் அவன் தம்பியின் ஆள், சரி. ஆனால் அவன் பக்கத்தில் சாட்டைக்காரியும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் என் ஆள். எப்போதும் கறுப்பு உடையில் இருக்கும் என் ஆள், மஞ்சள் உடை போட்டுக்கொண்டு, நான் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.

"யார்ரா ஆடறது?"

திரும்பிப் பார்த்தவன் ஹெட்போனைக் கழற்றினான். "வந்துட்டியாக்கா? சௌமியாதான். அவ ஊட்ல இருந்து நெட்ல ஆடறா."

சௌமியா, அடுத்த வாரம் அவன் தாலி கட்டப்போகிற பெண். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், உச்சந்தலை வரைக்கும்.

"அப்ப இணைச்சீருக்கும் அவளையே உக்கார வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்துவிட்டேன்.

இணைச்சீர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் மாப்பிள்ளை மணவறைக்குப் போகும் முன்னால் அவனுடைய அக்காளோ தங்கையோ அவனோடு உட்கார்ந்து ஒரு சீர் செய்ய வேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறு முனையை அவள் பிடிப்பாள். இன்னொருத்தி வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று ஊரறியச் சொல்வது அது. அதில் மணப்பெண்ணையே உட்கார வைப்பதென்றால், மாப்பிள்ளையே தனக்குப் பெண் கொடுத்துக்கொள்வது மாதிரி.

### கிளிப்பில் தொங்கிய தும்பி

ஒரு வீடியோ கேமுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் போனில் அதைத்தான் கேட்டார். அவரை மாதிரி ஆட்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு பெட்டிக்கடையில், துணி கிளிப்பில் மாட்டிப் படக்கதைப் புத்தகங்கள் தொங்கும். கோயமுத்தூரிலிருந்து வரும். அதில்தான் இரும்புத்தும்பியைப் பார்த்தேன். வெளிநாட்டுக் கதை, ஆனால் தும்பி பேசுவது சுத்தத் தமிழ். "அற்பனே, அகன்று போ!" என்பான். அவனோடு கூடவே சாட்டைக்காரி. தும்பி பறக்கும்போது கவசத்தின் சக்தி தீர்ந்து விழப் பார்ப்பான். அவள் சாட்டையை வீசி அவன் இடுப்பில் சுற்றி இழுத்துப் பிடிப்பாள். கதைக்கு ஒரு தடவையாவது அவன் விழுவான், அவள் பிடிப்பாள். தும்பியின் பேர்தான் அட்டையில் இருக்கும், வேலை முழுக்க அவளுடையது என்று எனக்கு அப்போதே தோன்றும்.

கார்த்திக்கு அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் வாசிப்பேன், அவன் வாயைத் திறந்துகொண்டு கேட்பான். வீட்டில் சண்டை வந்தால் "அற்பனே, அகன்று போ!" என்று நான் சொல்ல, அவன் அழுதுகொண்டே போய் அம்மாவிடம் "அக்கா என்னைய அற்பன்னு வெய்யறா" என்பான். அம்மா என் முதுகில் ஒன்று வைப்பார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் பெரிய வசவு.

பிறகு புத்தகம் வருவது நின்றுபோனது. நாங்களும் வளர்ந்தோம். கோயமுத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, தோப்பைப் பார்த்துக்கொள்ளக் கார்த்தி திரும்பி வந்தபோது, துணிமூட்டைக்குள் ஒரு பழைய கேம் பெட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்தான். "அக்கா, யார் வந்திருக்காங்கன்னு பாரு" என்று டி.வி.யைப் போட்டான். இரும்புத்தும்பி! படக்கதையை ஆட்டமாக எடுத்திருந்தார்கள். தும்பி சிறகு விரித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்போது நான் படித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற பேரில் வீட்டில் சும்மா இருந்த காலம். எனக்கு அந்த ஆட்டம் எவ்வளவு பெரிய உதவி என்று பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்குத் தெரியாது. காப்பித் தட்டைக் கொடுத்துவிட்டு வந்து, அவர்கள் மூஞ்சியை நினைத்துக்கொண்டு நாலு அடியாட்களைச் சாட்டையால் விளாசுவேன். மனசு லேசாகிவிடும்.

ஆட்டத்தில் எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள். நாங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்களே பேசிக்கொண்டோம். முக்கியமான இடங்களில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவர் முந்தினாலும் தும்பி பொத்தென்று விழுந்துவிடுவான். அதனால் "ஒண்ணு, ரெண்டு, ஏய்!" என்று எண்ணுவோம். 'ஏய்' வரும்போது அழுத்துவோம். அந்த 'ஏய்' கேட்டால் கீழே கட்டியிருக்கும் மாடு கூடத் திரும்பிப் பார்க்கும்.

### நாங்கள் தொடாத கைப்பிடி

எல்லாம் சரி, கடைசிக் கட்டத்தைத்தான் தாண்ட முடியவில்லை.

அங்கே ஒரு அணை. அணைக்குக் கீழே துருவேந்தன் நிற்பான். தொட்டதையெல்லாம் துருப்பிடிக்க வைக்கிற வில்லன். இரும்புக் கவசக்காரனுக்கு இதைவிட மோசமான எதிரி உண்டா? தும்பி கிட்டே போனால் சிறகு உதிரும். நான் தூரத்திலிருந்து சாட்டையால் அடிப்பேன். அடிக்க அடிக்க அவன் வளருவான். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து நசுக்குவான். மறுபடி முதலிலிருந்து. தீபாவளிக்கு வந்த ஒரம்பரைச் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்து, "இன்னும் அவனை அடிச்சு முடிக்கலையா?" என்று கேட்கிற அளவுக்கு அந்தத் தோல்வி எங்கள் வீட்டில் பிரசித்தம்.

எங்கள் வீடு வாய்க்காலின் தலைமடையில் இருக்கிறது. அதாவது தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம். எங்கள் வயலை ஒட்டித்தான் தண்ணீரைத் திறந்து மூடும் ஷட்டர். அதைத் திருகும் இரும்புக் கைப்பிடி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். அப்பாதான் பொறுப்பு. இன்றைக்கு யார் முறை, நாளைக்கு யார் முறை என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். முறை மாறும்போது இரண்டு வீட்டு ஆட்களும் வந்து நின்றால்தான் ஷட்டரில் கை வைப்பார். முறை இல்லாமல் ஒரு சாண் உயர்த்தினாலும் பஞ்சாயத்து கூடிவிடும். நாங்கள் பேசப் பழகும் முன்பே கேட்டுப் பழகிய வாக்கியம், "ஷட்டர்ல கை வெச்சா கைய முறிச்சுப்போடுவேன்" என்பது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

### ஆடிக்கு ஆடி

எனக்குக் கல்யாணம் ஆனது. கோவிந்தாபுரம் பக்கம். நல்ல மனுஷர், ஒரே குறை, டி.வி.யில் செய்தி மட்டும்தான் பார்ப்பார்.

வண்டியேறும்போது எல்லாரும் அழுதார்கள். கார்த்தி மட்டும் ஜன்னல் பக்கம் வந்து, "அக்கா, துருவேந்தனை நீ வந்த பொறவுதான் முடிப்பேன். சத்தியமா" என்றான். அதுவரை அழாமல் இருந்த நான் அதைக் கேட்டுத்தான் அழுதேன். புருஷன் வீட்டு ஆட்கள், தாயைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆடிக்கு வருவேன், நோம்பி பண்டிகைக்கு வருவேன். வந்ததும் மாடிக்குப் போவோம், அடி வாங்குவோம், இறங்கி வருவோம். பிறகு குழந்தை பிறந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆடினேன். பிறகு அதற்கும் நேரமில்லாமல் போனது. ஆனாலும் சாட்டைக்காரி அந்த அணை மேல் எனக்காக நின்றுகொண்டிருக்கிறாள் என்பது மனசின் ஒரு மூலையில் இருக்கும். பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொள்வேன். பிறந்த வீட்டில் என் அறை நெல்மூட்டை போடும் அறையாகிவிட்டது, என் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்கென்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

அவளுக்குத்தான் மஞ்சள் உடை போட்டுவிட்டார்கள்.

### வெளியே சொல்ல முடியாத காரணம்

"எதுக்கோசரம் இணைச்சீருக்கு உக்கார மாட்டே?" என்றார் அம்மா.

"உன்ற மகனைக் கேளு."

மகனைக் கேட்டார். கேட்டுவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் அம்மிணி, உனக்கு ஒரு புள்ள இருக்குது. பொம்மைக்கு மஞ்சத்துணி போட்டதுக்கா கல்யாணத்தை நிறுத்தறே? வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"நான் கல்யாணத்தை நிறுத்தல. நான் உக்கார மாட்டேன்னுதான் சொன்னேன்."

"உன்ற பெரியப்பன் மகளைக் கூப்புட்டு உக்கார வெச்சறட்டுமா அப்ப?"

இது அம்மாவின் பெரிய ஆயுதம். பெரியப்பன் மகள் உட்கார்ந்தால் அடுத்த பத்து விசேஷத்துக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிவாள்.  இருந்தாலும் நான் இறங்கி வரவில்லை. பிடிவாதத்தில் நான் என் அப்பாவின் மகள்.

அப்பாவின் பாடுதான் திண்டாட்டம். சீரை நடத்திவைக்கும் அருமைக்காரர் ஏற்பாட்டைப் பேச வந்து, "இணைச்சீர்க்காரி எங்கீங்க, மூஞ்சியையே காணோம்?" என்றபோது, காரணத்தை எப்படிச் சொல்வார்? "புள்ளைக்குப் பிரசர் ஏறிப்போச்சுங்க" என்றார். அது பொய்யும் இல்லை.

மறுநாள் மத்தியானம், பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தபோது, கார்த்தி இரண்டு ரிமோட்டோடு என் முன்னால் வந்து நின்றான்.

"வாக்கா. துருவேந்தனை முடிச்சறலாம். முடிச்சா உக்காருவியா?"

"மொதல்ல முடி, பொறவு பாக்கலாம்."

மாடிக்குப் போனோம். ஆட்டம் திறந்தது. அணை. காற்று. அணை மேல் கறுப்பு உடையில் சாட்டைக்காரி. நான் கடைசியாக விட்டுப் போன அதே இடத்தில், அதே நிலையில்.

"அப்ப அந்த மஞ்ச?"

"அது சௌமியாவோட ஆளுக்கா. அவ பெட்டி, அவ ஆட்டம். உன்ற ஆளை நான் எதுக்குத் தொடறேன்? நீதான் கேக்கவே உடலையே."

தப்பு என்னுடையதுதான். அதைக் காட்டிக்கொண்டால் நான் நான் இல்லையே. "பேசாம ஆடு" என்றேன்.

### ஹெட்போனில் ஒரு குரல்

ஆடினோம். செத்தோம். மறுபடி ஆடினோம். மறுபடி செத்தோம். கீழே மூங்கில் விழும் சத்தமும், மேலே நாங்கள் விழும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

கார்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னான். "அவளைக் கேக்கட்டுமா? அவ கம்ப்யூட்டரை ஜோடியா வெச்சுத் தனியா ஆடி முடிச்சுட்டா."

"முடிவு உனக்கும் தெரியுமா?"

"தெரியாதுக்கா. சொல்ல வந்தா. அக்கா வந்த பொறவுதான்னு வாயை அடைச்சுட்டேன். அதுக்கு நாலு நாள் எங்கிட்டப் பேசலை."

நான் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சௌமியாவை நெட்டில் கூப்பிட்டு, ஹெட்போன் இல்லாமல் டி.வி.யிலேயே குரல் கேட்கும்படி வைத்தான்.

"கும்பிடறனுங்க நங்கை" என்றது ஒரு சின்னக் குரல். புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். "என்ற மேல கோவமாட்ட இருக்குதுங்க?"

"கோவமெல்லாம் இருக்கட்டும். இந்த நாசமாப் போறவனை எப்படி அடிக்கறது?"

"கைப்பிடியத் திருகுனீங்களா?"

"எந்தக் கைப்பிடி?"

"அணைமேல ஷட்டர் கைப்பிடி இருக்குமுங்க. பச்சையா மின்னி மின்னி அணையும்."

கார்த்தியும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். கைப்பிடி இருந்தது. வருஷக்கணக்காக எங்கள் கண் முன்னால் மின்னிக்கொண்டே இருந்தது.

"அது..." என்றேன். "தொடக் கூடாதுன்னு மின்னுதுன்னு நெனச்சோம்."

 அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். "நங்கைங்க, நாங்க வடகரப்பதிங்க. உங்க வாய்க்காலோட கடைமடை, தண்ணி கடைசியா வர்ற எடம். ஷட்டரைப் பாத்தா எங்களுக்குக் கை சும்மா இருக்காதுங்க. நான் ஆட்டத்துக்குள்ள போனதும் மொதல் சோலியா அதைத்தான் தொறந்தேன்."

"கீழ வயல் இருக்குது, சௌமியா!"

"வயலுக்குத் தண்ணி போனா நல்லதுதானுங்களே நங்கை?"

அன்றைக்குத் தலைமடைக்காரி கடைமடைக்காரியின் பேச்சைக் கேட்டாள்.

சாட்டையை வீசிக் கைப்பிடியில் சுற்றினேன். தும்பி மறு முனையைப் பிடித்தான். இரண்டு பேரும் ஒன்றாக இழுக்க வேண்டும்.  "ஒண்ணு" என்றான் கார்த்தி. "ரெண்டு" என்றேன். மூன்று பேரும் சேர்ந்து "ஏய்!" என்றோம். வடகரப்பதியிலிருந்தும் ஒரு 'ஏய்' வந்தது.

ஷட்டர் ஏறியது. தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர். வெள்ளை வெளேர் என்று பொங்கி இறங்கித் துருவேந்தனை அடியோடு கரைத்துக்கொண்டு போனது. அத்தனை வருஷமாக எங்களை நசுக்கியவன் செம்மண் தண்ணீராக ஓடிவிட்டான். நானும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். டி.வி.க்குள்ளிருந்து சௌமியா கை தட்டினாள்.

அப்போதுதான் வாசலில் அந்தக் குரல்.

"டேய்! டேய்! மூடுங்கடா! யார் மொறை இது? எவன் தொறந்தான்?"

அப்பா. சத்தம் கேட்டுப் பந்தல்காரரோடு மேலே ஏறி வந்தவர், திரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்து ஒரு நிமிஷம் தன்னை மறந்துவிட்டார்.

"அப்பா, அது கேம்" என்றான் கார்த்தி.

"கேம்னா? செத்துட்டானில்ல? அப்பறம் என்னத்துக்கு ஓடுது? மூடு!"

மூட வழியில்லை. வெற்றி பெற்றவுடன் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் பெயரெல்லாம் வரிசையாக மேலே போக ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பின்னால் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கடைசிப் பெயர் போகும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, "மூடவே இல்ல பாரு, பொறுப்பில்லாத நாயிக" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

### சேலையின் மறுமுனை

கல்யாணத்தன்று இது மண்டபம் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. பந்தல்காரர் சும்மா இருப்பாரா? அப்பா சம்பந்தியிடம், "உங்க புள்ள எங்கூட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே ஷட்டரைத் தொறந்துபோட்டா பாருங்க" என்று குறைபோலச் சொன்னார். சம்பந்தி துண்டைச் சரிசெய்துகொண்டு, "நாங்க எத்தனையோ வருசமாக் கேட்டும் நடக்காததுங்க. எம் புள்ள ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டா" என்றார். அப்பாவே சிரித்துவிட்டார். அவர் ஷட்டர் விஷயத்தில் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இணைச்சீர்க்காரி வாங்க" என்று அருமைக்காரர் கூப்பிட்டார்.

பெரியப்பன் மகள் எனக்கு முன்னால் பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பிரசர் கதையை நம்பியிருந்தாளோ என்னவோ. நான் அவள் தோளை மெதுவாக அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் யாரோ பெரிய மனுஷன் மாதிரி இருந்தான். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு கதை கேட்டவன். அருமைக்காரர் கூறைச் சேலையை மடித்து ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார். மறுமுனையை என் கையில் கொடுத்தார். புதுப் பட்டின் மொடமொடப்பு விரலில் பட்டதும் எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அழக் கூடாது என்று எவ்வளவோ நினைத்திருந்தேன். முடியவில்லை.

சேலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன இழுப்பு வந்தது. இன்னொன்று வந்தது.

"ஒண்ணு, ரெண்டு" என்றான் கார்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நானும் இழுத்தேன்.

"உட்டறாதக்கா."

"நீ மொதல்ல கெட்டியாப் புடி, அற்பனே" என்றேன்.